ஒரு சாணுக்குக் கீழே

சாலை போடும் கம்பெனி காலி செய்துவிட்டுப் போன பிறகுதான் அந்த ஒரு ஏக்கருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் மழையில் தண்ணீர் தேங்கியது. வடிந்துவிடும் என்று ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். நாலாவது நாளும் அப்படியே நின்றது. அடுத்த வாரம் வெயில் அடித்ததும் அதே நிலம் ஓடு ஓடாக வெடித்து, செருப்பில்லாமல் நடந்தால் காலைக் கிழித்தது. நட்ட அவரை முழங்கால் உயரம் வந்தது, மஞ்சளானது, அதோடு சரி.

அவள் பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் ரத்தம் எடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. ஊசிக்காரம்மா என்று கேட்டால்தான் அந்தப் பக்கத்தில் அவள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். ஆஸ்பத்திரி போக மிச்சமிருந்த நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த நிலத்துக்குத்தான். அவள் அப்பா அவள் பேரில் எழுதி வைத்தது. கத்தரி, வெண்டை, அவரை என்று எதைப் போட்டாலும் முன்பெல்லாம் ஏமாற்றியதில்லை.

அதைக் கம்பெனிக்கு விடச் சொன்னது அவள் தம்பி. ரோடு ரோலர் ஓட்டுபவன்.

“அக்கா, ரெண்டே வருஷம். லாரி நிறுத்த இடம் பிடிச்சுக் கொடுத்தா என் வேலையை நிரந்தரம் பண்றேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. சும்மா நிறுத்தி வைக்கப் போறாங்க. நிலத்தை யாரு சுருட்டிக்கிட்டுப் போகப் போறா?”

யாரும் சுருட்டிக்கொண்டு போகவில்லை. ஜல்லி ஏற்றிய லாரிகள் இரண்டு வருஷம் மழை வெயில் பார்க்காமல் அதில் ஏறி இறங்கின. சேற்றில் சக்கரம் மாட்டிக்கொள்கிறது என்று புகார் வந்தபோது, தம்பியே தன் ரோலரைக் கொண்டுவந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டி நிலத்தைக் கெட்டிப்படுத்தினான். அவன் வேலை நிரந்தரமானது. சாலையும் முடிந்தது. நிலம் திரும்பி வந்தது. அதற்கப்புறம் ரோலர் ஓட்டிய நாளைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. அவரை பட்டுப்போன செய்தி காதில் விழுந்த மூன்றாம் நாளே ஒரு பெரிய டிராக்டரும், அதன் பின்னால் யானைத் தந்தம் மாதிரி மூன்று கொம்புகள் வைத்த ஒரு கலப்பையுமாக வந்து நின்றான்.

“உளிக்கலப்பை. ஒன்றரை முழம் ஆழம் போகும். இறுகினதை எல்லாம் பொளந்து போட்டுடும், பாரு.”

“நேத்து ராத்திரிதான் மழை பேஞ்சிருக்கு. ஈரமா இருக்கேடா?”

“ஈரமா இருந்தா இன்னும் சுலபமா இறங்கும்க்கா. அதுவுமில்லாம வண்டி இன்னைக்கு ஒரு நாள்தான் கிடைச்சுது.”

சுலபமாகத்தான் இறங்கியது. சோப்புக் கட்டியில் கத்தி இறங்குவது போல. வெடித்து உதிர வேண்டிய மண், வழுவழுவென்று வழித்துவிட்ட மாதிரி பிளந்து, பத்தே நாளில் பிளந்த சுவடு தெரியாமல் ஒட்டிக்கொண்டது. கலப்பை போன இடத்தில் பள்ளம் மூடிவிட்டது. டிராக்டர் சக்கரம் போன இடத்தில் புதிதாகப் பள்ளம். அடுத்த மழையில் அந்தச் சக்கரத் தடங்களில் மட்டும் ஒரு வாரம் தண்ணீர் நின்றது.

“காய்ஞ்ச நேரத்துல ஓட்டியிருக்கணும் போலிருக்கு,” என்றான் தம்பி போனில்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “பரவாயில்லடா,” என்றாள். பரவாயில்லை என்று அவள் நினைக்கவில்லை.

நிலத்தில் பத்து இடங்களில் மண் எடுத்து, லேபில் செய்வது போலவே எண் எழுதிய பைகளில் போட்டு, மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனாள். பதினெட்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனபோது ஆபீசர் மீட்டிங்கில் இருந்தார். மறுபடி போனபோது இருந்தார். மகள் என்று சொல்லும் வயதுதான் இருக்கும் அந்தப் பெண் ஆபீசருக்கு. மேஜை முழுக்க மண் பை. காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல்தாங்க,” என்றாள்.

ஊசிக்காரம்மாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. எத்தனை நோயாளிகளிடம் இதே வார்த்தையை அவள் சொல்லியிருக்கிறாள்! ரிப்போர்ட் நார்மல் என்றதும் அவர்கள் முகம் ஏன் அப்படிச் சுருங்கும் என்பது இப்போதுதான் புரிந்தது.

“நார்மல்னா ஏங்க ஒண்ணும் முளைக்க மாட்டேங்குது?”

“சத்து எல்லாம் இருக்கும்மா. வேர் கீழ போக வழி இல்லாம இருக்கலாம். மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்க. எங்க நிக்குதோ அங்கதான் பிரச்சனை.”

“அதுக்கு என்ன பண்றது?”

“கலப்பை ஓட்டலாம்…”

“ஓட்டியாச்சு.”

“அப்ப வேரை விட்டுத்தான் துளைக்கணும். ஆழமா போற பயிரா போட்டு, அறுத்துட்டு, வேரை மட்டும் மண்ணுக்குள்ளயே விட்டுடணும். அது மக்கிப் போனா அந்த ஓட்டை வழியா அடுத்த பயிரோட வேர் இறங்கும்.” ஊசிக்காரம்மா அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் இழுப்பறையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினாள். “இதுல லிஸ்ட் இருக்கு.”

லிஸ்டில் பதினோரு பயிர்கள். பாதி எழுத்து அழிந்திருந்தது. எது எந்த மண்ணுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

கம்பியைக் குத்திப் பார்த்தாள். ஒரு சாண் வெண்ணெய் மாதிரி இறங்கியது. அப்புறம் தரையில் மோதியது போல ‘டங்’ என்று நின்றது. இருபது இடத்தில் குத்தினாள். இருபதிலும் அதே ஒரு சாண், அதே டங். நோட்டில் எழுதினாள். எழுதுவதற்கும் ஒன்றும் இல்லை, ஒரே எண்ணை இருபது தடவை எழுதியதுதான்.

லிஸ்டில் அழியாமல் தெளிவாகத் தெரிந்த முதல் பெயர் முள்ளங்கி. தடித்த கிழங்கு, நேராக இறங்கும், இரண்டு மாதத்தில் வேலை முடிந்துவிடும். மழைக்காலத்தின் கடைசி மூன்று வாரம் இருந்தது. அவசரமாக விதைத்தாள்.

இலை செழிப்பாக வந்தது. அவளுக்கு நம்பிக்கை வந்தது. அப்புறம் ஒரு நாள் பார்த்தால், முள்ளங்கி நிலத்துக்கு மேலே வளர்ந்துகொண்டிருந்தது. கீழே போக முடியாமல், வெள்ளை வெளேரென்று ஒரு சாண் உயரத்துக்கு வரிசை வரிசையாக வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பிடுங்கினால், மண்ணுக்குள் இருந்த பாகம் சிலதில் பக்கவாட்டில் முழங்கை போல மடங்கியிருந்தது; சிலதில் பேன்ட் போட்ட மாதிரி இரண்டு காலாகப் பிரிந்திருந்தது.

அவள் வீட்டுக்காரர் பிளம்பர். வேலி ஓரம் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, “கீழ இடமில்லன்னு மாடி கட்டிடுச்சு போலிருக்கே,” என்றார்.

“வாயை மூடிக்கிட்டுப் போறீங்களா?”

அவர் வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. முப்பத்தெட்டு நாள் அந்த வீட்டில் முள்ளங்கிதான். தட்டைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னைக்கும் அதுதானா?” என்று அவர் கேட்பதும், “வேர் போறதுக்குத்தான் வழியில்ல, தொண்டைக்குள்ள போறதுக்கு வழி இருக்குல்ல, சாப்பிடுங்க,” என்று அவள் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துத் தீர்த்தார்கள். கடைசியில் அவள் பையோடு வருவதைப் பார்த்தாலே பக்கத்து வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

அவளுக்குத் தன் மேலேயே கோபம். மழை முடியும் சமயத்தில் விதைத்திருக்கிறாள். வேர் அந்த ஒரு சாணைத் தொடுவதற்குள் ஈரம் போய், இறுகிய மண் கல்லாகிவிட்டது. ஈரமாக இருக்கும்போது டிராக்டர் போகக்கூடாது. ஈரமாக இருக்கும்போதுதான் வேர் போகும். இவ்வளவு சின்ன விஷயம். இதைக்கூட யோசிக்காமல் ஒரு பருவத்தைத் தொலைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இனிமேல் யார் சொல்வதையும் நம்பி நிலத்தில் போடப் போவதில்லை என்று முடிவு செய்தாள். வீட்டுக்காரரிடம் நாலங்குலக் குழாயில் ஒன்றரை முழத் துண்டு ஆறு கேட்டாள்.

“எதுக்கு?”

“சொன்னா சிரிப்பீங்க.”

“சிரிக்கறதுக்காவது ஏதாவது வேணும்ல இந்த வீட்டுல.”

சொன்னாள். ஒவ்வொரு குழாயிலும் அடியில் தளர்ந்த மண், நடுவில் நாலு விரல் தடிமனுக்குச் சுத்தியலால் அடித்து இறுக்கிய மண், அதற்கு மேல் ஒரு சாண் தளர்ந்த மண். அதாவது நிலம் எப்படி இருக்கிறதோ அப்படியே. ஆறு குழாயில் ஆறு பயிர். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, “அப்புறம் எப்படித் திறந்து பார்ப்ப? முதல்லயே நீளவாக்குல ரெண்டா அறுத்து, கம்பி வச்சுக் கட்டித் தர்றேன். கம்பியை அவுத்தா புத்தகம் மாதிரி விரிஞ்சுக்கும்,” என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

மொட்டை மாடியில் ஆறு குழாய்களும் சுவரோரமாக நின்றன. கம்பு, கொள்ளு, முள்ளங்கி, துவரை, அப்புறம் உரமாக மடக்கி உழும் பசுந்தாள் பயிர்களான தக்கைப்பூண்டு, சணப்பை. தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டாள். மண் எப்போதும் ஈரமாக இருந்தது. ஐம்பத்தைந்து நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியை அவிழ்த்தார்கள். கொள்ளின் வேர் இறுகிய மண்ணைத் தொட்டதும் திரும்பி, அதன் மேலேயே பாய் விரித்துப் படுத்திருந்தது. முள்ளங்கி இங்கேயும் மடங்கித்தான் இருந்தது. நுனியில் ஒரு நூல் மட்டும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. தக்கைப்பூண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. கம்பு கீழே வரைக்கும் போயிருந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் மண்ணுக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக.

“இது ஏமாத்து. நிலத்துல ஏது குழாய்?” என்று அவள் அதை ஒதுக்கினாள்.

சணப்பை துளைத்திருந்தது. மெல்லிய வேர்தான், ஆனால் இரண்டு இடத்தில் மறுபக்கம் வந்திருந்தது. துவரையைக் கடைசியாகத் திறந்தார்கள். மேலே செடி சோகை பிடித்த மாதிரி ஒரு முழம்கூட இல்லை. கீழே, ஒரே வேர், கோடு போட்டது போல இறுகிய மண்ணின் நடுவில் இறங்கி, அடியில் தளர்ந்த மண்ணைத் தொட்டதும் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று அவள் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது.

சணப்பையும் துவரையும் கலந்து போடுவது என்று முடிவானது. சணப்பை சீக்கிரம் வளர்ந்து மண்ணை மூடும். துவரை நிதானமாக இறங்கும். ஆனால் விதைக்கடைக்காரரிடம் முடிவு வேறாக இருந்தது.

“சணப்பை எதுக்கும்மா? தக்கைப்பூண்டு எடுத்துக்குங்க. எல்லாரும் அதான் போடறாங்க. நேத்துதான் லோடு வந்துது.”

“எனக்குச் சணப்பை வேணும். அப்புறம் துவரை, நீண்ட நாள் ரகம்.”

“குறுகிய நாள் ரகம்தான் இருக்கு. சீக்கிரம் காய்க்கும், உங்களுக்கு நல்லதுதானே?”

“எனக்குக் காய் வேணாங்க. வேர்தான் வேணும்.”

கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வேரு வேணும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்,” என்றார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை. அவள் இன்னும் இரண்டு கடை ஏறி, நாலாவது கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை மழையின் முதல் வாரத்திலேயே விதைத்தாள். தம்பிக்கு போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினாள். சணப்பை பூக்கத் தொடங்கியதும் அரிவாளால் அறுத்து மண் மேலேயே படுக்கவிட வேண்டும், துவரை அப்படியே நிற்க வேண்டும், உழவே கூடாது, உழுதால் துளை எல்லாம் மூடிவிடும் என்றாள். அவன் பின்னால் ஏதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “ஆங், ஆங், சரிக்கா,” என்றான்.

சணப்பை ஆள் உயரம் வந்தது. மஞ்சள் பூ அங்கங்கே எட்டிப் பார்த்தது. அடுத்த விடுமுறை நாளில் அறுக்கலாம் என்று அரிவாளைத் தீட்டி வைத்தாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், லேபில் ஒரு நோயாளியின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“உன் தம்பி வந்திருக்கான். டிராக்டர் கொண்டுவந்திருக்கான்.”

“எதுக்கு?”

“உழுதுக்கிட்டிருக்கான். நான் வேலை முடிச்சு இப்பதான் வர்றேன். நிறுத்துடான்னு கத்தறேன், எஞ்சின் சத்தத்துல காதுல விழல. கையாட்டினா அவனும் கையாட்டறான்.”

கூட இருந்தவளிடம் நோயாளியை ஒப்படைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பஸ் நாற்பது நிமிஷம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒரு நிறுத்தத்தில் டிரைவர் இறங்கித் தண்ணீர் குடித்தார். தம்பி போனை எடுக்கவே இல்லை. பதினேழு தடவை அடித்தாள்.

வந்து சேர்ந்தபோது பாதி நிலம் முடிந்திருந்தது. சணப்பையும் துவரையும் துண்டு துண்டாகிச் சேற்றோடு சேற்றாகக் கிடந்தன. முந்தைய நாள் மழை. சக்கரம் போன தடத்தில் மண் பளபளவென்று மின்னியது. அவள் வெள்ளைக் கோட்டோடு சேற்றில் இறங்கி, டிராக்டருக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

எஞ்சின் நின்றது. தம்பி சிரித்த முகமாக எட்டிப் பார்த்தான். “இன்னைக்கு ஏன் சீக்கிரம் வந்துட்ட? உனக்குத் தெரியாம முடிச்சு வைக்கலாம்னு பார்த்தேன்.”

“இறங்குடா கீழ.”

“என்னக்கா?”

“உழக்கூடாதுன்னு உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்?”

“பசுந்தாளை மடக்கித்தானே உழுவாங்க? எல்லாரும் அப்படித்தான்…”

“எல்லார் நிலமும் எனக்குத் தெரியாது. இது என் நிலம். வேருக்காகத்தான்டா இதைப் போட்டேன். மேல இருக்கற தழைக்காகவா? மழை ஈரத்துல இவ்ளோ கனத்தைக் கொண்டுவந்து ஏத்தியிருக்கியே, போன தடவை பட்டது போதாதா?”

“உனக்கு உதவி பண்ணலாம்னுதானே வந்தேன்! அரிவாளை வச்சுக்கிட்டு நீ எத்தனை நாள் அறுப்ப? லீவு போட்டுட்டு வந்திருக்கேன் நான்.”

“உன் உதவியை நான் கேட்டேனா? நீ உதவி பண்ணாம இருந்திருந்தாலே இந்த நிலம் நல்லா இருந்திருக்கும். எல்லார் நிலத்துலயும் கூடப் பொறந்தவனே ரோலர் ஓட்டலையே!”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. இத்தனை நாள் தொண்டையிலேயே கிடந்த வார்த்தை. வீட்டுக்காரர் வேலியோரத்தில் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி இருக்கையிலிருந்து மெதுவாக இறங்கினான். சாவியை அதிலேயே விட்டுவிட்டு, சேறு அப்பிய காலோடு தெருவைப் பார்த்து நடந்தான். அவள் கூப்பிடவில்லை. மறுநாள் வேறு யாரோ ஒரு டிரைவர் வந்து டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சமிருந்த பாதியில் சணப்பையை அவளே அறுத்தாள். மூன்று நாள் ஆனது, உள்ளங்கையில் கொப்புளம். துவரை நின்றது.

தம்பி வரவில்லை, பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்துத் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள்.

“அண்ணி, அவரு சாப்பிடறாரு, வேலைக்குப் போறாரு, எல்லாம் சரிதான். ரோலர்ல மட்டும் ஏற மாட்டேன்னுட்டாராம். வேற வண்டி கொடுங்கன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, கூட வேலை பார்க்கறவரு சொல்லித்தான் தெரியும். என்ன ஆச்சு அண்ணி?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றாள். போனை வைத்த பிறகு சமையலறையில் ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள். கோபமும் போகவில்லை, சங்கடமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து அவளை ஒரு வேலை செய்ய விடவில்லை. அவன் வேண்டுமென்று செய்ததாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மழைக்காலம் முடிந்து மண் லேசாகக் காய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினான். சாக்கில் சுற்றிய கடப்பாரையும் மண்வெட்டியும் தோளில். அவளைப் பார்க்காமல் வீட்டுக்காரரிடம், “மாமா, ஒரு குழி வெட்டிப் பார்க்கணும்,” என்றான்.

“அவளைக் கேளு.”

“வெட்டுடா,” என்றாள் அவள், உள்ளே இருந்தே.

முதலில் உழுத பாதியில் வெட்டினான். ஒரு சாண் இறங்கியதும் மண்வெட்டி வழுக்கியது. தளம் போட்டது மாதிரி மட்டமாக, பளபளப்பாக ஒரு அடுக்கு. புதிதாக முளைத்த களைகளின் வேர்கள் அதன் மேல் படுத்துக்கிடந்தன. அவன் அதைக் கையால் தடவிப் பார்த்தான். எழுந்து அடுத்த பாதிக்குப் போனான்.

அங்கே மூன்று துவரைச் செடிகளுக்குப் பக்கத்தில் நீளமாக வெட்டினான். கடப்பாரை போட்டு, இடுப்பளவு ஆழம். வியர்வை கண்ணில் இறங்க இறங்க வெட்டினான். அவள் ஒரு கரண்டியும் அந்தப் பெரிய சிரிஞ்சும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்து குழிக்குள் இறங்கி, சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். முதல் வேர் ஒரு சாணில் மடங்கியது. இரண்டாவதும் மடங்கியது. மூன்றாவது மடங்கவில்லை. சுண்டுவிரல் தடிமனில், இறுகிய அடுக்கின் நடுவே கொஞ்சம் கோணலாக நெளிந்து இறங்கி, அதன் கீழே இன்னும் போய்க்கொண்டே இருந்தது. தம்பி மண்டியிட்டு விரலால் அதைத் தொடர்ந்தான். குழியின் அடி வரை போனான். வேர் அதற்கும் கீழே போயிற்று. பக்கத்தில் மக்கிப்போன ஒரு சணப்பை வேரின் துளை, பென்சில் நுழைகிற அளவு. அதற்குள் ஒரு மண்புழு.

“மூணுல ஒண்ணு,” என்றான்.

“மூணுல ஒண்ணுதான்.”

“ஒரு வருஷத்துக்கா?”

“ஒரு வருஷத்துக்கு.”

அவன் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். “ரோலரை நாலு தடவைதான்க்கா ஓட்டினேன். முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. அரை மணி நேரம்கூட ஆகல.”

பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. இந்தத் தடவை சொல்லவில்லை. “இன்னும் மூணு பருவமாவது ஆகும்,” என்றாள். “நாலுகூட ஆகலாம். அப்பவும் முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது.”

“அந்தப் பாதிக்கு நான் விதைக்கறேன். கையால. வண்டி எதுவும் வராது.”

“நீண்ட நாள் துவரை நாலாவது கடையிலதான் கிடைக்கும். மத்தவன் எல்லாம் வேறதைத் தலையில கட்டிடுவான்.”

“கம்பும் கலந்துக்கலாமா? அதுவும் ஆழமா போகும்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தரு…”

“கம்பு ஏமாத்தும்டா. மாடியில பார்த்தாச்சு.”

“அது குழாயில. நிலத்துல போட்டுப் பார்த்தியா?”

பார்க்கவில்லைதான். அதனாலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. பத்து நிமிஷம் கம்பைப் பற்றி வாக்குவாதம் செய்தார்கள். ஒரு மூலையில் பத்தடிக்குப் பத்தடி மட்டும் கம்பு போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் பஞ்சாயத்து செய்து வைத்தார்.

வெயில் ஏறிவிட்டது. தம்பி கரையேறி, மண்வெட்டியால் குழியை மூடத் தொடங்கினான். பாதி மூடியதும், பழக்க தோஷத்தில், குழிக்குள் குதித்து இரண்டு காலாலும் மண்ணை நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்தான்.

“டேய், மிதிக்காதடா!” என்று அக்காவும் மாமாவும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான்.